மடையன் கீறல்

என் அக்கா வெர்னாவின் சாப்பாட்டு மேசையில் யாரும் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அதன் மேல் எப்போதும் ஒரு பழைய குளியல் துண்டு விரித்திருக்கும். துண்டின் மேல் அவளுடைய கைத்துப்பாக்கி அக்கக்காகக் கழன்று கிடக்கும். பசித்தால் சுவருக்கு இந்தப் பக்கம், என் வீட்டுக்கு வந்துவிடுவாள். எங்கள் ஊர் ஹாலோ ரன்னில் பாதி வீடுகள் இப்படித்தான்: ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர், ஆளுக்கு ஒரு பாதி. என் பாதியில் அடுப்பு எரியும், அவள் பாதியில் அரம் ஓடும். சுவர் வழியாக அந்தச் சத்தம் கேட்காவிட்டால் அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

அவள் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறாள். குள்ளம், நல்ல கனம், குரல் மட்டும் இரண்டு ஆளுக்கு உண்டு. பனி கொட்டும் காலையில் எங்கள் மேட்டுச் சாலையில் மற்ற ஓட்டுநர்கள் வண்டியை எடுக்கவே தயங்குவார்கள். இவள் ஒரு கையில் காபியோடு ஏறிப் போவாள். அவளுடைய முதல் புருஷன் ஒரு நாள் மீன்பிடிப் படகை இழுத்துக்கொண்டு ஃபுளோரிடாவுக்குப் போனவன் திரும்பி வரவில்லை, விவாகரத்துக் காகிதம் மட்டும் தபாலில் வந்தது. படகு நல்ல படகு என்று இன்றைக்கும் வருத்தப்படுவாள்.

எடுத்த காரியத்தை முடிக்காமல் விடுகிற பழக்கம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே கிடையாது. துண்டு துண்டாகச் சேர்க்கிற படம் ஒன்று வீட்டில் இருந்தது, அதில் ஒரு துண்டு தொலைந்துபோனது. நானாக இருந்தால் பெட்டியோடு குப்பையில் போட்டிருப்பேன். அவள் அட்டையை வெட்டி, வர்ணம் தீட்டி, இழைத்து அந்த ஓட்டையை அடைத்தாள். எது அவள் செய்த துண்டு என்று அம்மாவாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. அப்படிப்பட்டவள் கையில் எங்கள் வேட்டைச் சங்கத்தின் கதம்பப் போட்டி சிக்கினால் என்ன ஆகும்?

கதம்பப் போட்டி என்பது மான் வேட்டைப் பருவம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு நடப்பது. சுடுகிறவர் தன் துப்பாக்கியைத் தானே சேர்த்திருக்க வேண்டும். அதில் எந்த இரண்டு பாகமும் ஒரே கம்பெனியுடையதாக இருக்கக் கூடாது. வெர்னாவின் துப்பாக்கிக்கு அடிச்சட்டம் டவுன் துப்பாக்கிக் கடையில் முறையாகக் கையெழுத்துப் போட்டு வாங்கியது. அதன் மேல் ஓடும் ஸ்லைடு தீயணைப்புக் கூடத்தில் நடந்த பழைய சாமான் சந்தையில் கிடைத்தது. குழல் டெக்சாஸிலிருந்து தபாலில் வந்தது. கைப்பிடிக் கட்டை, சொன்னால் வயிறு எரியும், என்னுடைய மாவுப் பலகையிலிருந்து வந்தது. பலகை தானாக உடைந்தது என்கிறாள். நான் நம்பவில்லை.

கம்பெனிக்காரன் ஒவ்வொருவனும் தான் வெட்டியதுதான் அளவு என்று வெட்டுவான். சம்பந்திகள் மாதிரிதான்: தனித்தனியே நல்லவர்கள், ஒரே பந்தியில் உட்கார வைத்தால்தான் தெரியும். அதனால் ராவ வேண்டும், பொருத்திப் பார்க்க வேண்டும், மறுபடி ராவ வேண்டும். இதற்கு எங்கள் ஆட்களிடம் ஒரே ஒரு சட்டம் உண்டு. சங்கத்தில் காபிப் பானைக்கு மேலே பலகையிலேயே எழுதி மாட்டியிருக்கிறார்கள்: இரண்டு பாகம் சண்டை போட்டால் மலிவானதில் அரத்தை வை. கெட்டுப்போனாலும் வேறு வாங்கிக்கொள்ளலாம். வெர்னா அந்தப் பலகையை எத்தனையோ புது ஆட்களுக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள்.

இன்னொரு விஷயமும் உண்டு, கீறல். துப்பாக்கியின் இடப் பக்கத்தில் ஒரு தாழ் இருக்கும். கடைசிக் குண்டு போனதும் ஸ்லைடைத் திறந்தபடி பிடித்துக்கொள்வது அதுதான். கழற்றி மாட்டும்போது கடைசியாக உள்ளே போவதும் அதுதான். அதைச் சற்றுத் தூக்கி, வளைத்து, தள்ள வேண்டும். கை வழுக்கினால் அடிச்சட்டத்தின் விலாவில் பிறை மாதிரி ஒரு கோடு விழும். அதற்கு மடையன் கீறல் என்று பெயர். எங்கள் ஆட்கள் ஒருவர் துப்பாக்கியை இன்னொருவர் பார்க்கும்போது முதலில் அந்த விலாவைத்தான் பார்ப்பார்கள். கீறல் இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், இருமுவார்கள். வெர்னாவின் துப்பாக்கியில் கீறல் கிடையாது. எத்தனை தடவை கழற்றி மாட்டியிருப்பாள்! ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் டேப் ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மாட்டுவாள். அந்தப் பளபளப்பை அவள் காட்டாத விருந்தாளி இல்லை.

பளபளப்புக்குக் குறைவில்லை, ஓட்டம்தான் இல்லை. போட்டியில் சுடுவதற்கு இரும்புத் தட்டுகள் வரிசையாக நிற்கும். வெர்னா முதல் தட்டை விழத்தட்டுவாள், இரண்டாவதை விழத்தட்டுவாள். மூன்றாவதில் துப்பாக்கி, உள்ளே குண்டு இருக்கும்போதே, வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிடும். அதற்குச் சங்கத்தில் கொட்டாவி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். போட்டியில் அதிகம் சிக்குகிற துப்பாக்கிக்காரர்தான் பெரோகி என்கிற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை வேகவைத்த அண்டாக்களைக் கழுவ வேண்டும். வருஷா வருஷம் கழுவியது என் அக்காதான். அண்டாக்களுக்கு அவளை அடையாளம் தெரியும்.

இதில் லாய்டு காச்மர் எங்கே வந்தார் என்று சொல்கிறேன். லாய்டு பஸ் ஷெட்டில் மெக்கானிக். ஒல்லி, பயந்த சுபாவம், மனைவி இறந்து ரொம்ப நாளாகிறது. தன்னுடைய சாமான் எதுவும் தொலையக் கூடாதென்று எல்லாவற்றிலும் பஸ்ஸுக்கு அடிக்கும் மஞ்சள் வர்ணத்தில் ஒரு பொட்டு வைப்பார். அவர் சாப்பாட்டு டப்பாவில்கூட அந்தப் பொட்டு உண்டு. வெர்னா துப்பாக்கி சேர்க்க ஆரம்பித்த புதிதில் தன் காபி டப்பாவில் கிடந்த உதிரி பாகங்களில் நாலைந்தைக் கொடுத்தவரும் அவர்தான். அவருடைய துப்பாக்கியைக் குலுக்கினால் கரண்டிப் பெட்டி மாதிரி சத்தம் வரும். ஆனால் ஒரு தடவைகூடச் சிக்கியதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் தவக்காலத்தில், சர்ச் மீன் விருந்தின் வரிசையில், கையில் தட்டோடு நின்றபடியே லாய்டு என் அக்காவிடம் கல்யாணத்தைக் கேட்டார். கேட்கும்போது சாஸ் கொட்டிவிட்டது. வெர்னாவுக்கு முகம் சிவந்துபோனது. அந்தக் கூச்சத்தை மறைக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி உரக்கப் பேசுவது.

“என் துப்பாக்கி கதம்பப் போட்டியில ஒரே ஒரு தடவ சிக்காம ஓடட்டும், மறுநாளே சர்ச்சுக்கு வரேன்” என்றாள்.

சர்ச் முழுக்கக் கேட்டது. பொரிகிற மீனைத் திருப்பிக்கொண்டிருந்த ஃபாதர் டிமெட்ரிக்கும் கேட்டது. சொன்ன சொல்லைத் தின்கிறவள் இல்லை அவள். லாய்டும் அவசரப்படுத்துகிறவர் இல்லை. கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்பார்களே, அந்தக் கதையாகிவிட்டது.

சங்கத் தலைவர் வால்ட் ப்ருஷ்கோ முதல் எல்லாரும் அவளிடம் ஒன்றையே சொன்னார்கள்: கோளாறு தாழில்தான், உள்பக்கம் நீண்டிருக்கும், மேலே வருகிற குண்டு அதில் இடிக்கிறது, அதனால்தான் முன்கூட்டியே திறந்துகொள்கிறது, மாற்றிப் பார். அவள், மாற்றியாச்சு, அது இல்லை என்பாள். வேறு எல்லாவற்றையும் மாற்றினாள். குண்டு அடைக்கிற மேகசினை மாற்றினாள், ஸ்பிரிங்கை மாற்றினாள், மொட்டைத் தலைக் குண்டு, உருண்டைத் தலைக் குண்டு என்று குண்டுகளை மாற்றினாள், விலை உயர்ந்த குழலின் வாயைக்கூட இழைத்தாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நான் சுவர் வழியாகவே கத்துவேன். மற்றவர் துப்பாக்கியை அவர்களே கையில் கொடுத்தாலொழியத் தொடக் கூடாது என்பது சங்கத்து வழக்கம். வெர்னா யார் கையிலும் கொடுத்ததில்லை.

போன இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை லாய்டு என் சமையலறைக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டே இருந்தார். பணி ஓய்வு வந்துவிட்டது, ஓஹியோவில் இருக்கிற மகள் அவருக்கு மாடி அறையை ஒழித்து வைத்திருக்கிறாள், கிறிஸ்துமஸுக்குள் வந்துவிடச் சொல்கிறாள் என்றார். வெர்னாவிடம் சொன்னீர்களா என்று கேட்டேன்.

“அவகிட்ட சொன்னா அவசரப்படுத்துற மாதிரி ஆயிரும், ஆல்மா. போட்டி முடியட்டும். ஓடலன்னா சொல்லிட்டுக் கெளம்பிடறேன்” என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் வெந்துகொண்டிருந்த முட்டைக்கோஸைக் கருக விட்டேன். அவர் போனதும் அடுத்த பாதிக்குப் போனேன். ஓஹியோ விஷயத்தைச் சொல்ல மாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டதால், வேறு வழியாகச் சண்டை பிடித்தேன். ஊரே சொல்கிறதே, அந்தத் தாழை மாற்றினால் உன் குடி முழுகிப் போகுமா என்றேன். அவள் துண்டின் ஓரத்தை எடுத்துத் துப்பாக்கியை மூடினாள், குழந்தைக்குப் போர்த்துவது மாதிரி. இரும்பென்றால் எதிலும் அரத்தை வைக்கிறவள் இதற்கு மட்டும் ஏன் பதுங்குகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.

போட்டி நாள் காலையில் தரை உறைந்திருந்தது, வெயில் நன்றாக இருந்தது. நாங்கள் பெண்கள் எல்லாம் சங்கத்துச் சமையல்கட்டில் பெரோகி மடித்துக்கொண்டிருந்தோம். ஜன்னலுக்கு நேரே சுடுகிற வரிசை. வெர்னா பெயரைக் கூப்பிட்டதும் எல்லாரும் மாவுக் கையோடு ஜன்னலுக்குப் போனோம். முதல் தட்டு, இரண்டாவது தட்டு, அப்புறம் கொட்டாவி. சிரிக்கக்கூட யாருக்கும் மனம் வரவில்லை.

முதல் சுற்றில் சிக்கினால் ஒரு மன்னிப்பு உண்டு, அது கணக்கில் சேராது. மேசைக்குப் போய்ச் சரி செய்துகொண்டு வந்து, மறுபடி முதலிலிருந்து சுடலாம். அதற்குப் பிறகும் சிக்கினால் அண்டாதான். வெர்னா குண்டுகளை எடுத்துவிட்டு, வால்டிடம் காலி என்று காட்டிவிட்டு, மேசையில் போய் உட்கார்ந்தாள். அவள் பையிலிருந்து எடுத்தது இன்னொரு ஸ்பிரிங். அதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. வாக்காவது கீக்காவது. கையைத் துடைக்காமலே வெளியே ஓடினேன்.

“அக்கா, அவரு ஓஹியோ போறாரு. கிறிஸ்துமஸுக்குள்ள. மக வீட்டோட. இனிமே ஒனக்கு அடுத்த வருஷம் கெடையாது” என்றேன்.

பக்கத்து மேசையில் லாய்டு குனிந்து ஷூவைப் பார்த்தார். வெர்னா அந்த ஸ்பிரிங்கைத் திரும்பப் பைக்குள் போட்டாள். அப்புறம் எழுந்து போய், துப்பாக்கியை அவர் கையில் வைத்தாள்.

“நீயே பாரு” என்றாள்.

வரிசையில் சுட வேண்டியவர் சுடாமல் திரும்பிப் பார்த்தார். லாய்டு துப்பாக்கியைத் துணியில் வைத்துப் பிரித்தார். தாழை வெளியே இழுத்தார், உள்பக்கத்து எண்ணெயைக் கட்டை விரலால் துடைத்தார். துடைத்த விரல் அப்படியே நின்றுவிட்டது. வெளியே தெரியாத அந்த மூலையில் ஒரு மஞ்சள் பொட்டு இருந்தது.

“இது என்னோடது” என்றார். பிறகு, “வெர்னா, இது காபி டப்பாவுல கெடந்த கழிசல். அவசரத்துக்கு வெச்சுக்க, நல்லது வந்ததும் தூக்கிப் போட்டுருன்னு அப்பவே சொன்னேனே.”

“சொன்ன.”

“அப்புறம் ஏன் போடல?”

என் அக்கா ஊருக்கே கேட்கப் பேசுகிறவள். அன்றைக்கு அவள் பேசியது எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது.

“நீ குடுத்ததத் தூக்கிப் போட முடியல. அரத்த வெக்கவும் மனசு வரல” என்றாள்.

மலிவானதில் அரத்தை வை என்று ஊருக்கெல்லாம் படித்துக் காட்டியவள், அந்தக் காபி டப்பாக் கழிசலைக் காப்பாற்ற, இத்தனை வருஷமும் டெக்சாஸ் குழலையும் மற்றதையும் இழைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மாவுக் கையால் கண்ணைத் துடைத்து முகமெல்லாம் மாவாக்கிக்கொண்டேன். கசாப்புக் கடைக்காரரான வால்ட் ப்ருஷ்கோ காதடைப்பைக் கழற்றிவிட்டு, இதற்கு மேல் ஒரு பெண் எப்படியப்பா சம்மதம் சொல்லணும் என்று பொதுவாக எல்லாரையும் கேட்டார்.

லாய்டு அரத்தை எடுத்தார். “என் சாமான்ல நான் அரம் வெக்கலாம்ல?” என்று மட்டும் கேட்டார். வெர்னா தலையை ஆட்டினாள். நாலு இழுப்பு, அவ்வளவுதான். ஒளியில் பிடித்துப் பார்த்தார், இன்னும் ஒரு இழுப்பு. இதற்காகவா மூன்று வருஷம் என்று எனக்குக் கத்தத் தோன்றியது.

துப்பாக்கியைத் திரும்பச் சேர்த்து, கடைசியாகத் தாழை மாட்டினார். டேப் ஒட்டவில்லை. மனிதருக்கு அந்த நேரத்தில் டேப் எங்கே நினைவில் இருக்கும்? கை வழுக்கிவிட்டது. கர்ரென்று ஒரு சத்தம். அவ்வளவு வருஷம் அவள் மூச்சைப் பிடித்துக் காத்த விலாவில் வளைவாக, ஆழமாக, வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது.

யாரும் இருமவில்லை. லாய்டின் முகத்தைப் பார்த்தால் அவரே ஓஹியோவுக்கு அப்போதே நடந்து போய்விடுவார் போல இருந்தது. வெர்னா துப்பாக்கியை வாங்கி வெயிலுக்குத் திருப்பினாள். அந்தக் கீறலைத் தலைகீழாகப் பார்த்தாள், நேராகப் பார்த்தாள். பிறகு அவளுடைய தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாள் என்று நினைத்து நான் கிட்டே போனேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் கடைசி வரிசைப் பிள்ளைகள் சிரிப்பார்களே, அடக்க அடக்கப் பீறிட்டு வரும், அந்தச் சிரிப்பு.

“மடையா” என்றாள் அவரிடம், கண்ணைத் துடைத்தபடி. அந்தச் சொல்லை அவ்வளவு செல்லமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

வரிசைக்குப் போனாள். நான் சமையல்கட்டுக்குத் திரும்பவில்லை, பெரோகி வெந்து குழைந்தால் குழையட்டும் என்று அங்கேயே நின்றேன். முதல் சுற்றில் தட்டுகள் வரிசையாக விழுந்தன. மூன்றாவது தட்டு விழுந்தபோது சமையல்கட்டு ஜன்னலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இரண்டாவது சுற்று, மூன்றாவது சுற்று. ஒன்றிரண்டு தட்டுகளைத் தவறவிட்டாள், அதைப் பற்றி யாருக்கு அக்கறை? துப்பாக்கி ஓடியது. லாய்டு பார்க்கவில்லை, முதுகைத் திருப்பிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். முடிவுச் சுற்றான ஐந்தாவதிலும் கடைசிக் குண்டு போனதும் ஸ்லைடு வாயைத் திறந்தது. இந்த முறை திறக்க வேண்டிய நேரத்தில் திறந்தது. வால்ட் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, சுத்தம் என்று அறிவித்தார்.

வெர்னா துப்பாக்கியைக் காலி என்று காட்டி, மேசையில் வைத்துவிட்டுத்தான் லாய்டிடம் போனாள். அந்த ஒழுங்கு எந்த நேரத்திலும் அவளை விட்டுப் போகாது.

“நாளைக்குக் காலைல பிள்ளைங்கள எறக்கி விட்டதும் வந்துருவேன். சர்ச் வாசல்ல நில்லு” என்றாள்.

அடுத்துச் சுட வேண்டியது லாய்டு. பாவம், அவர் கையில் பிடியே இல்லை. பிடி தளர்ந்தால் எந்தத் துப்பாக்கியும் சண்டித்தனம் செய்யும். ஒருநாளும் சிக்காத அந்தக் கரண்டிப் பெட்டி அன்றைக்கு மறுபடி மறுபடி சிக்கியது. சாயங்காலம் லாய்டு முழங்கை வரைக்கும் நுரையோடு அண்டாக்களைக் கழுவினார். வெர்னா பக்கத்தில் நின்று, எந்த அண்டாவில் எங்கே அடிப்பிடிக்கும் என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டே துடைத்தாள்.

மறுநாள் காலை அவள் சொன்னபடியே சர்ச்சுக்குப் போனாள், பஸ் சாவி இடுப்பில் தொங்க. ஃபாதர் டிமெட்ரி, மீன் விருந்தில் நானும் கேட்டேன், ஆனால் எழுத்து வேலை எல்லாம் இருக்கிறது, ஜனவரி வரை பொறுங்கள் என்றார். ஓஹியோ மகள் கிறிஸ்துமஸுக்குத் தன் பிள்ளைகளோடு இங்கே வந்து, அக்காவின் பாதியில் தங்கினாள். அவர்களுக்கும் சாப்பாடு என் வீட்டில்தான்.

ஜனவரியில் கல்யாணம் ஆனது. இப்போது அக்காவின் மேசையில் இரண்டு துண்டுகள் விரித்திருக்கின்றன, ஒன்றின் மேல் லாய்டின் துப்பாக்கி. டவுன் கடைக்காரர் அந்தக் கீறலை இழைத்து இருந்த இடம் தெரியாமல் செய்து தருகிறேன் என்றார். வெர்னா துப்பாக்கியை அவர் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள். ஸ்டியரிங்கில் மாட்டிக்கொள்கிறது என்று மோதிரத்தை அவள் போடுவதில்லை, அது எங்கோ ஒரு காபி டப்பாவில் இருக்கிறது. சர்ச் பெண்கள் யாராவது வந்து மோதிரத்தைக் காட்டேன் என்று கேட்டால், என் அக்கா துண்டை விலக்கி, துப்பாக்கியின் இடப் பக்கத்தைத் திருப்பி, அந்த வெள்ளைக் கோட்டின் மேல் விரலை வைத்து, “லாய்டு குடுத்தது” என்கிறாள்.